காதுக்குள் தொண்ணூற்றேழு

அண்ணன் யானை விலை கொடுத்து வாங்கிய காது தெர்மாமீட்டரின் முனையைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. மஞ்சளும் பழுப்புமாகக் குறும்பி அப்பிக் கிடந்தது. வீட்டில் இருக்கிற எல்லார் காதையும் பார்த்துவிட்டு அதே முனையைத்தான் மூன்று நாளாக அப்பாவின் காதிலும் செருகியிருக்கிறார்கள். துடைக்க ஒரு துண்டுப் பஞ்சு கிடைக்கவில்லை இந்த மகராஜாக்களுக்கு.

அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம், வீட்டுக்கு வந்து மூன்று நாள். காய்ச்சல் கண்டால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். விட்டால் காலையே எடுக்க வேண்டி வருமாம். அண்ணன் தினமும் போனில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். நானும் நம்பி இருந்துவிட்டு இன்றுதான் வந்தேன்.

அறைக்குள் நுழையும்போதே செத்த எலி நாற்றம். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஜன்னலைத் திறந்தா சரியாயிடும்" என்றாள்.

அப்பாவின் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"அண்ணா, இது காய்ச்சல் இல்லாம வேற என்ன?"

"உன் கைதான் சில்லுனு இருக்கு. மெஷின் பொய் சொல்லுமா?" மறுபடியும் காதில் வைத்துக் காட்டினான். தொண்ணூற்றேழு.

என் பையிலிருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரை உதறி அப்பாவின் அக்குளில் வைத்தேன். மூன்று நாளாகத் துடைக்காத புளிச்ச வேர்வை பிசுபிசுத்தது. பெத்த அப்பன் என்று பார்க்காமல் என் மூக்கும் சுளித்ததுதான். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தேன். பாதரசம் நூற்று மூன்றில் நின்றது. அண்ணனுடைய மெஷினை வாங்கி முனையை ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி காதில் வைத்தேன். அதுவும் நூற்று நான்கு என்றது.

போர்வையை விலக்கினேன். காலில் இருந்த கட்டு சீழில் ஊறிப் பச்சையாகியிருந்தது. அண்ணன் வாந்தி எடுக்க ஓடினான். சீ, என்ன மனுஷன்! ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன்.

"ஏம்ப்பா, குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தினமும் சொன்னேம்மா." அப்பாவின் பற்கள் அடித்துக்கொண்டன. "காதுல வச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ போன்ல நம்பரை மட்டும் கேட்டுட்டு வச்சிட்ட. அப்பாகிட்ட குடுன்னு ஒரு நாளும் சொல்லலையேம்மா."