மர்ஸா ஸெய்த்தூனில் யாரும் பிறை பார்க்காத நாள்

மன்னர் ஆட்சிக் காலத்தில், மர்ஸா ஸெய்த்தூன் துறைமுகத்தில் ஒரு நாள் நோன்பாகவும் பெருநாளாகவும் ஒரே சமயத்தில் விடிந்தது. அன்று ரொட்டி வழக்கமான விலைக்கே விற்றது. மத்தி மீன் மட்டும் கொஞ்சம் மலிவு. அந்த நாளைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் விலைவாசியைத்தான் முதலில் சொல்வார்கள், ஏனென்றால் அன்றைக்கு ஒன்றாக இருந்தது அது மட்டும்தான். மற்றதெல்லாம் இரண்டாக இருந்தது.

காரணம் மிஃப்தாஹ். பழைய துருக்கிக் கோட்டையின் மேல் இருந்த பீரங்கி அவன் பொறுப்பில் இருந்தது. பீரங்கிக்குத் தெரிந்த மொழி மிகச் சிறியது. நோன்பு மாதத்தில் சூரியன் மறைந்ததும் ஒரு வெடி வெடித்தால், சாப்பிடலாம் என்று பொருள். இரவு தொழுகைக்கு முன் மூன்று வெடித்தால், பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள் என்று பொருள். ஏன் மூன்று என்று கேட்டால் அவனுடைய மைத்துனன் ரஜப் ஆசையாக விளக்குவான். ரஜப் ஆண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்; அலெக்ஸாந்திரியாவில் படித்துவிட்டு வந்தவன். ஒரே ஒரு வெடி என்றால் அது இடியாகவும் இருக்கலாம், கல்குவாரியாகவும் இருக்கலாம். மூன்று முறை சொன்னால், காற்று ஒன்றை விழுங்கினாலும் இரண்டு மிஞ்சும். சொன்னதையே திரும்பச் சொல்வது வெட்டிப் பேச்சு அல்ல, இரைச்சலுக்கு எதிராகக் கட்டும் மதில். பிறைக்கு ஒரு சாட்சி போதாது, நேர்மையான இரண்டு சாட்சி வேண்டும் என்று மார்க்கம் கேட்பதும் இதே கணக்குதான் என்பான். அதைச் சொல்லும்போது அவன் கண்கள் மின்னும். அவனுக்கு இந்த உலகம் இயங்கும் விதமே ஒரு விருந்து.

மிஃப்தாஹ் நல்லவன், ஆனால் வாய் அவனுக்கு முன்னால் ஓடும். மனைவி நுவ்வாராவை அவன் ஏற்கெனவே இரண்டு முறை தலாக் சொல்லியிருந்தான். முதல் முறை சூப்பில் உப்பு கூடியதற்கு. இரண்டாம் முறை, ரஜப் கழற்றிப் போட்ட ரேடியோவின் பாகங்கள் படுக்கையில் கிடந்ததற்கு. இரண்டு முறையும் பொழுது சாய்வதற்குள் அழுதுகொண்டு பள்ளிவாசல் ஷேக் புஸைரியிடம் ஓடினான். ஷேக்கும் சேர்த்து வைத்தார். மூன்றாவதற்குத் திரும்பி வரும் வழி கிடையாது. அது ஊருக்கே தெரியும்.

அந்த ரமளானின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, நுவ்வாரா பெருநாளுக்கான மக்ரூத் பலகாரத்தைப் பொரிக்கத் தொடங்கினாள். ரவையும் பேரீச்சையும் எண்ணெயில் வேகும் மணம் தெருவையே தூக்கிக்கொண்டு போனது. மூன்று நாளாய் கிப்லி புழுதிக்காற்று வேறு அடித்து ஓய்ந்திருந்தது. வெறும் வயிறும் மணல் நிறைந்த மூக்குமாக மிஃப்தாஹ் வந்து நின்றான்.

"நாளைக்கும் நோன்புதான்னு சொன்னேனே, அதுக்குள்ள எண்ணெயக் காய்ச்சிட்டியா?"

"இன்னைக்குப் பிறை தெரியும். காலையிலேர்ந்து என் முழங்கால் குடையுது."

"பிறைக்கும் உன் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"உன் பீரங்கிக்கும் உன் மண்டைக்கும் இருக்கிற சம்பந்தந்தான். ரெண்டும் வெடிச்சப்புறந்தானே யோசிக்கும்!"

அடுத்த வீட்டிலிருந்து சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புதான் திரிக்கு நெருப்பு வைத்தது. "நாளைக்குப் பெருநாளா இருந்தா நீ தலாக்!" என்று மிஃப்தாஹ் தெரு முனை வரை கேட்கும்படி கத்தினான். பிறகு எண்ணெய் இரையும் சத்தம் மட்டும்தான். முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் சுட்டுவிட்டவனைப் போல அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். நுவ்வாரா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பலகாரம் கருகிவிடும்.

செய்தி ஊரைச் சுற்றிவர அதிக நேரம் ஆகவில்லை. தலைநகர் திரிபோலியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியைக் கிப்லி அறுத்துப் போட்டிருந்ததால், பிறையை ஊரே பார்த்துச் சொல்ல வேண்டிய நிலை. வழக்கம்போல எல்லோரும் மொட்டைமாடி ஏறினார்கள். ஏறி, பிறை தோன்றும் மேற்கை விட்டுவிட்டுக் கிழக்கைப் பார்த்தார்கள். நுவ்வாரா பிரசவம் பார்த்த வீடுகள் அந்த ஊரில் பாதி. அவள் மக்ரூத் தின்னாத வீடு ஒன்றுமில்லை. அவளைத் தலாக் ஆக்கும் சாட்சியாக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்போர் தங்கள் கால் விரல்களை ஆராய்ந்தார்கள். மேற்கு முழுவதும் சிவந்து அடங்கும் வரை ஷேக் புஸைரி செருப்பின் வாரைக் கட்டிக்கொண்டே இருந்தார். மேற்கே முகம் வைத்துக் கட்டியிருந்த ஆட்டைக்கூட ஒருவர் திருப்பிக் கட்டினார்.

சட்டம் தெளிவானது. தேடி, இரண்டு பேர் கண்டால் பெருநாள். தேடி, காணாவிட்டால் மாதத்துக்கு முப்பது நாள். ஒரு ஊரே ஒரு பெண்ணின் மேல் உள்ள அன்பினால் தேட மறுத்தால் என்ன செய்வது என்று எந்த மார்க்கக் கிதாபிலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே நாள் எந்தப் பக்கம் விடிவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விடிந்தது.

பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது. அதே பள்ளிவாசல் வெறிச்சோடியும் கிடந்தது. பிள்ளைகள் புதுச் சட்டைக்குள் பழைய சட்டையாக ஓடினார்கள். எந்தச் சட்டை என்று உற்றுப் பார்த்தால் கண் கூசியது. மீன்காரன் உதடு வறண்டு எச்சில் விழுங்கியபடியே வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான். காப்பிக்கடை மூடியிருந்தது, உள்ளே நிலக்கடலை மிதக்கும் தேநீர் நுரைத்தது. குடித்தவர்களுக்குத் தாகம் தீர்ந்தும் தீராமலும் இருந்தது, காசு மட்டும் முழுசாகக் கொடுத்தார்கள். யாருக்கும் பயமாக இல்லை. ஊருக்கே லேசாகத் தலை சுற்றியது, ஊஞ்சலில் இருந்து இறங்கியவர்களைப் போல ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள்.

நுவ்வாராவின் வீட்டில்தான் சிரிப்பு குறைவு. அவள் துணிமூட்டை வாசலில் கட்டித் தயாராக இருந்தது. அதே துணிகள் அலமாரியில் மடித்தும் இருந்தன. மிஃப்தாஹ் உள்ளே வந்தால், இருபது வருட மனைவி "கால் மண்ணத் தட்டிட்டு வா" என்றாள்; அதே மூச்சில் ஓர் அந்நியப் பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரே பெண். இரண்டு பேருக்கும் ஒரே கோபம்.

ஷேக் புஸைரி முற்றத்தில் வந்து உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார். உறுதியாக இருந்த ஒன்றைச் சந்தேகத்தால் நீக்க முடியாது. கல்யாணம் உறுதி, பிறை சந்தேகம், ஆகவே நுவ்வாரா மனைவியே. மிஃப்தாஹ் அவர் கையை முத்தமிடக் குனிந்தான். அப்போது ரஜப், தன் அக்காவின் வாழ்க்கை அது என்பதையே மறந்து, மகிழ்ச்சி தாங்காமல் எழுந்து நின்றான்.

"ஷேக்கே, இது சந்தேகமே இல்ல!" என்று ஒரு பேரீச்சங்கொட்டையைக் கோப்பையால் கவிழ்த்து மூடினான். "இப்போ கொட்டையோட கோடு மேல இருக்கா கீழ இருக்கா? நமக்குத் தெரியாது. ஆனா கொட்டை ஒரு பக்கமாத்தான் படுத்திருக்கு. இதுதான் சந்தேகம், இது நம்ம தலைக்குள்ள இருக்கு. ஆனா ஒளியோட துணுக்கு, அணுவுக்குள்ள இருக்கிற துகள், அதெல்லாம் இப்படி இல்ல. யாராவது கேக்கிற வரைக்கும் அது எந்தப் பக்கமும் படுக்காது. ரெண்டுமா இருக்கும். இன்னைக்கு நாளே அப்படித்தான் விடிஞ்சிருக்கு. நமக்குத் தெரியலங்கிறதில்ல, நாள் இன்னும் முடிவே பண்ணல!"

"ரஜப்," என்றாள் நுவ்வாரா, "நீ எனக்குத் தம்பியா, இந்த மனுஷனுக்கு வக்கீலா?"

ஷேக் தாடியைத் தடவினார். "அல்லாவுக்குத் தெரியாதா என்ன?"

"ரெண்டும் தெரியும் ஷேக்கே. அவன் அறிவுல குறை இல்ல. ஆனா செய்தின்னா அனுப்பினா மட்டும் பத்தாது, வந்து சேரணும். நாம கதவச் சாத்திக்கிட்டோம்."

ஷேக் எழுந்து ரஜப்பின் நெற்றியில் முத்தமிட்டார். வாழ்நாள் முழுவதும் துஆ கேட்டுக் கையேந்தி நிற்பவர்களிடம் தான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் போனது அதுதான் என்றார். பிறகு, தீர்ப்பைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். மிஃப்தாஹ் மச்சானை அடிக்க ஒரு செருப்பைத் தேடினான். அது இருந்த இடத்தில் இல்லாமலும் இருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் தபால் நிலையத்தில் தொலைபேசி மணி அடித்தது. கம்பியைச் சரிசெய்துவிட்டார்கள். மறுமுனையில் திரிபோலி; நேற்று பிறை தெரிந்ததா இல்லையா என்ற ஒற்றைப் பதில் கம்பி வழியாக வந்து கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. ஊரே ஓடியது. தபால்காரர் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டார். மணி நிற்பதாய் இல்லை. ரிசீவரை எடுத்து ஒரே ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், நாள் ஒரு பக்கமாகப் படுத்துவிடும் என்று ரஜப் விளக்கிக்கொண்டிருந்தான். நுவ்வாரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எடுக்காத நுவ்வாரா!" மிஃப்தாஹ் வாசலை மறித்தான். "உன் கால்ல விழுறேன். இப்படியே இருந்துடலாம். பாதிப் பொண்டாட்டி எனக்குப் போதும்."

"எனக்குப் பாதிப் புருஷன் போதும்னு யாரு சொன்னா? நேத்து வாயத் திறக்கிறப்ப என்னக் கேட்டியா? நகரு."

எடுத்தாள்.

அந்தக் காலத்துக் கம்பி ஒற்றையடிப் பாதை மாதிரி. இந்த முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த முனையின் குரல் இங்கே நுழைய முடியாது. நுவ்வாராவுக்கு அது தெரியுமா, தற்செயலா என்று இன்றுவரை சர்ச்சை உண்டு. அவள் பேசத் தொடங்கினாள். யாரென்று தெரியாத திரிபோலி அலுவலரிடம் உப்புக் கதையைச் சொன்னாள். அன்று சூப்பில் உப்புப் போட்டது அவள் அல்ல, அவன் தாய். ரேடியோக் கதையைச் சொன்னாள். முதல் குழந்தை பிறந்து இறந்த வாரத்தில் அவன் கோட்டையிலிருந்து இறங்கி வரவேயில்லை என்றாள். பீரங்கியின் வாயைத் தினமும் துடைக்கிறவன் ஒரு நாளும் தன் வாயைத் துடைத்துக்கொண்டதில்லை என்றாள். அவன் தூங்கும்போது மட்டும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், விழித்திருக்கும்போது ஏன் கூப்பிடுவதில்லை என்று திரிபோலியைக் கேட்டாள். தபால் நிலையச் சுவர்கள் மெல்லியவை. தெரு முழுக்கக் கேட்டது. மிஃப்தாஹ் எடை போடும் தராசின் அருகில் தரையில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். இருபது வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் அவனுக்கு வந்து சேராத செய்தி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த அந்நியன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

கடைசியில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் மறுமுனை சின்னதாக எதையோ சொல்லிற்று. நுவ்வாரா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். "சரி, உங்க வீட்டுல எல்லாரும் சுகந்தானே?" என்று விசாரித்து, ரிசீவரை வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்தாள்.

திரிபோலி என்ன சொன்னது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. ரஜப் மட்டும் வாயைத் திறந்தான்; ஷேக் புஸைரி தன் சட்டைப்பையிலிருந்த மக்ரூத் ஒன்றை எடுத்து அதற்குள் திணித்தார். அன்றைக்கு நோன்பே பாதிதான், ஆகவே அதுவும் பாதிதான் தவறு.

சூரியன் இறங்கும்போது அவள் கோட்டைக்கு ஏறினாள். மிஃப்தாஹ் திரியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நுவ்வாரா," என்றான். விழித்துக்கொண்டுதான் இருந்தான். "எத்தனை சுடட்டும்?"

"ஒண்ணு சுடு. எனக்குப் பசிக்குது."

அவன் ஒன்றுதான் சுட்டான். துறைமுகத்தில் இருந்தவர்களுக்கு மூன்று கேட்டது. சண்டை எதுவும் வரவில்லை, ஏனென்றால் முதல் நாளோ இரண்டாம் நாளோ, அடுத்த நாள் எந்தக் கணக்கிலும் பெருநாள்தான். ஊர் தூங்கி எழுந்தபோது சட்டைகள் ஒற்றையாகவும் தேநீர் ஒரே சுவையாகவும் இருந்தன. நுவ்வாராவின் வீடு மட்டும் ஒன்றாகச் சேரவில்லை. ரஜப் அதற்கும் காரணம் சொன்னான்: கேட்டவள் இருக்கிறாள், அவளிடமிருந்து கேட்டவர் யாரும் இல்லை, ஆகவே அவளுக்கு உள்ளே முடிவாகிவிட்டது, வெளியே முடிவாகவில்லை. இப்படியும் நடக்கலாம் என்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள் தாளில் எழுதித்தான் பார்த்திருக்கிறார்கள், என் அக்கா வீட்டில் நடத்தியே காட்டிவிட்டாள் என்று பெருமைப்பட்டான்.

அதன் பிறகு பாலைவனத்தில் எண்ணெய் வந்தது, மன்னர் போனார், பீரங்கி இருந்த இடத்தில் ஒலிபெருக்கி வந்தது. மர்ஸா ஸெய்த்தூனில் ஆண்கள் எதற்காகவும் தலாக் சொல்லிச் சத்தியம் செய்வதை நிறுத்தினார்கள்; எந்த மாமியார் சூப்பில் எவ்வளவு உப்புப் போட்டாள் என்பது எப்போது திரிபோலிக்குப் போகும் என்று யார் கண்டது. ஷேக் புஸைரி இறந்த வருடத்திலும், ரஜப்புக்குத் தலை நரைத்த வருடத்திலும், மிஃப்தாஹ் தினமும் மாலையில் தன் வீட்டுக் கதவையே தட்டினான். தான் கணவனா, இல்லை பெண் கேட்டு வந்தவனா என்று தெரியாததால் வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு நாள் அத்திப்பழம், ஒரு நாள் வாசனைச் சோப்பு, ஒன்றும் கிடைக்காத நாளில் கடற்கரையிலிருந்து நல்ல கல் ஒன்று. உள்ளே துணிமூட்டை கட்டியும் அவிழ்ந்தும் கிடந்தது. அவள் அதன் மேல் ஒரு பூச்சாடியை வைத்திருந்தாள்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "புருஷனா, விருந்தாளியா?"

"உனக்கு எது வசதியோ அது, நுவ்வாரா."

சில நாள் கதவு திறக்கும். சில நாள் ஜன்னல் வழியாகத் தேநீர் மட்டும் வரும், மேலே நிலக்கடலை போட்டு. அவன் தெருவில் நின்றே குடித்துவிட்டு, கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போவான். தேநீரில் சர்க்கரை எப்போதும் சரியாக இருந்தது.