பிறேக்குக்குள் போன பேச்சு

அச்சுவேலிச் சீவரத்தினத்தின் லொறி பிறேக் பிடித்தால், அந்த இடத்தில் யார் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தப் பேச்சு லொறிக்குள் இழுபட்டுப் போய்விடும். வாய் அசையும், சத்தம் வராது. பிறகு லொறி எங்கே நின்று எஞ்சின் சும்மா ஓடுகிறதோ, அங்கே எஞ்சினின் அடியில் தொங்கும் மூச்சுக் குழாயால் அதே பேச்சு எண்ணெய் மணத்தோடு வெளியே வரும். வெங்காயம் இன்றைக்கு என்ன விலை என்று தெரிந்துவைத்திருப்பதைப் போல ஊர் இதையும் தெரிந்துவைத்திருந்தது. சந்தியில் முக்கியமான கதை ஏதும் நடந்துகொண்டிருந்தால், லொறி தாண்டிப் போகும்வரை ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள்.

இது விளங்க வேண்டுமென்றால் அந்த லொறியின் பிறேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீவரத்தினத்திடம் கேட்டால் கொஞ்சமாகச் சொல்ல மாட்டார். கல்யாணம் முடித்த கிழமையே மனைவி குணலட்சுமியைப் பக்கத்தில் இருத்தி அவர் சொன்ன முதல் பெரிய கதை அதுதான். மாப்பிள்ளை இதை முடித்துவிட்டு வேறு ஏதாவது சொல்லுவார் என்று குணலட்சுமி காத்திருந்தார். மகள் பிறந்து, வளர்ந்து, கனடாவுக்குக் கல்யாணம் முடித்துப் போகும்வரை காத்திருந்தார். கதை என்னவென்றால், பெற்றோல் கார் தன் எஞ்சினாலேயே காற்றை உறிஞ்சி பிறேக்குக்கு வேண்டிய வெறுமையை உண்டாக்கிக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே பழைய டீசல் லொறிகளில் டைனமோவின் முதுகில் ஒரு சின்ன பம் பூட்டியிருக்கும். எஞ்சின் சுற்றினால் பம்மும் சுற்றி, பிறேக்கோடு சேர்ந்த தகர உருளைக்குள் இருக்கும் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளிவிடும். அது மூச்சுக் குழாயால் வெளியே போகும். சாரதி பிறேக்கை மிதித்ததும் உருளையின் ஒரு பக்கம் திறந்து, வெளிக்காற்று பாய்ந்து உள்ளேயிருக்கும் றப்பர்த் தட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் காலுக்குத் துணை. வெறும் காலை நம்பி ஒரு லொறி வெங்காயத்தை நிறுத்தப் பார்த்தவன் மதகில் போய்த்தான் நிற்பான். “லொறியை நிப்பாட்டுறது நானில்லை, உள்ளுக்கை ஒண்டுமில்லாத இடம்” என்று சொல்லிவிட்டு, சீவரத்தினம் தன் தலையைத் தட்டிக் காட்டுவார். தனக்கும் லொறிக்கும் உள்ள பொருத்தம் அதுதான் என்பது அவருடைய பகிடி.

டீசலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்த அந்த வருடத்தில் பம் பழுதானது. பிறேக் மரக்கட்டை போல இறுகிவிட்டது. குருநகரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தும் எமில்ராஜ் பம்மைக் கழற்றி, உள்ளே சுழலும் தகடுகள் தேய்ந்துபோனதைக் காட்டினார். “அண்ணை, உது இனிச் சரிவராது. சாமான் வரட்டும், புதுசு ஒண்டு போடுங்கோ” என்றார். சாமான் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாத காலம். அது போகட்டும், வந்தாலும் சீவரத்தினம் வாங்கியிருக்க மாட்டார்.

“எமில், தடைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஆக்கள் நாங்கள். உந்தப் பம் என்ன பம்?”

இந்த வசனத்தை எங்கள் பகுதியில் எல்லாரும் சொல்வோம். போர் நேரம் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோலும் டீசலும் வரவிடாமல் போட்ட அந்தத் தடை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றைக்கும் ஒரு மின்விசிறி நின்றுபோனால் கடைக்குப் போவது எங்களுக்கு மானப் பிரச்சினை. மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லிக்கொண்டே கழற்றுவோம், பூட்டும்போது இரண்டு ஆணி மிஞ்சும், அதையும் பத்திரமாக எடுத்துவைப்போம். சீவரத்தினத்தின் கொட்டிலில் பிள்ளையார் கோவிலின் பழைய ஒலிபெருக்கிப் பெட்டி கிடந்தது. எத்தனையோ திருவிழாவுக்கு ஊரையே நித்திரை கொள்ள விடாமல் பாட்டுப் போட்ட பெட்டி. அதற்குள்ளிருந்த மண்ணிறக் கெட்டி மட்டையை அரத்தால் உரஞ்சிப் புதுத் தகடுகள் செய்தார். எமில்ராஜ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பூட்டிக் கொடுத்தார். பிறேக், வெண்ணெயில் கால் வைத்தது போல வேலை செய்தது. அத்தனை காலம் சத்தத்தை வெளியே தள்ளிய மட்டை, பம்முக்குள் போன பிறகு சத்தத்தை உள்ளே இழுக்கத் தொடங்கியதை யாரும் பெரிதாக ஆராயவில்லை.

முதலில் இழுபட்டது பக்கத்து வளவு அருளம்பலத்தின் பேச்சு. வேலியைச் சீவரத்தினம் இரண்டு விரல் அளவு தள்ளிப் போட்டார் என்று அருளம்பலம் நாள் தவறாமல் காலையில் வேலியடியில் நின்று ஏசுவார். லொறி வாசலில் ஒருநாள் பிறேக் பிடித்ததும் அவ்வளவும் உள்ளே போய், பளையில் தேத்தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் வெளியே வந்தது. அங்கே தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் தன்னைத்தான் ஏசுகிறார்கள் என்று கத்தியோடு எழும்பிவிட்டார். ஒரு கல்யாணப் பேச்சின் சீதனப் பகுதி முழுவதும் சிங்களப் பக்கத்துத் தம்புள்ளைச் சந்தையில் கொட்டுப்பட்டது. அங்கே நின்றவர்களுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாததால் சம்பந்தம் தப்பியது. கூட்டுறவுச் சங்கக்காரர் பொதுக்கூட்டத்தன்று லொறியை வாசலில் விட்டு, பிறேக்கை மிதித்து மிதித்து விடச் சொல்லிக் கேட்டார்கள். சங்கத்தின் வரலாற்றிலேயே தேத்தண்ணீர் வருமுன் முடிந்த கூட்டம் அதுதான். பேசாமல் இருந்தால் நாங்களும் ஒரு முடிவுக்கு வருவோம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் லொறியைக் கூப்பிடவில்லை.

இப்படியிருக்கும்போது கனடாவிலிருந்து மகள் தயாளினி, தனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, அம்மா வர வேண்டும் என்றாள். விசாவும் வந்தது. வந்த பிறகு, அம்மா அங்கேயே நின்றுவிடலாம், அதற்கும் எழுதிப் போடலாம் என்று மருமகன் சொல்லத் தொடங்கினார். குணலட்சுமி சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: “நிண்டிடட்டாம் எண்டு பிள்ளையள் சொல்லுதுகள். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

இந்த மனிசி இல்லாத வீட்டுக்கு லொறியைத் திருப்பிக்கொண்டு வருவதைச் சீவரத்தினத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“அங்கை பெரிய லொறியளுக்கு முழுக்கக் காத்துப் பிறேக்” என்றார். “அமத்தி அடைச்ச காத்து. எங்கடை மாதிரி உறிஞ்சிறதில்லை.”

குணலட்சுமி, மகளுக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் கட்டுவதற்கு எழுந்து போனார். சீவரத்தினம் கை கழுவும்போது, உன்னை மாதிரி ஒரு விசரன் உலகத்தில் இல்லை என்று தன்னைத்தானே ஏசினார். அதை மட்டும் தெளிவாகச் சொல்ல வந்தது.

விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி கொடிகாமத்தில் வந்து ஏற்றுவதாக ஏற்பாடு. எப்படியும் வெங்காயத்தோடு தம்புள்ளைக்குப் போகிறவர்தானே, மனைவியை அதுவரை லொறியில் கூட்டிக்கொண்டு போனார். புத்தூர்ச் சந்தி வரும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்குச் சொல்ல வராததைப் பிறேக்கை மிதிக்கும்போது சொன்னால் சொன்னதாகவும் இருக்கும், குணலட்சுமியின் காதில் விழாமலும் இருக்கும். மானமும் கெடாது. மிதித்தார், சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் உள்ளே போனது. பெரிய ஆறுதலாக இருந்தது. ஆகவே அடுத்த சந்தியிலும் சொன்னார். பிறகு சந்தியில்லாத இடங்களிலும், மாடு குறுக்கே வராமலே மிதித்தார். புருசன் ரோட்டைப் பார்த்து வாயசைத்துக்கொண்டு வருவதைக் குணலட்சுமி பார்த்தார், ஏதோ தேவாரம் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே போனது எல்லாம் குழாயால் வெளியே வரும் என்று வாழ்நாள் முழுக்க ஊருக்குப் படிப்பித்த மனிதர், அதை அன்றைக்கு மறந்துபோனார்.

கொடிகாமச் சந்தையடியில் நிறுத்தினார். சுமையோடு நிற்கும்போது எஞ்சினை நிறுத்தவே மாட்டார். எஞ்சின் நின்றால் பம் நிற்கும், பிறகு இரண்டொரு மிதிக்குத்தான் வெறுமை போதும். எஞ்சினை ஓடவிட்டு, மனைவியின் பயணப் பெட்டியை இறக்க வெங்காய மூட்டைகளின் மேல் ஏறினார். கீழே குழாய் இருமியது. முதலில் வந்தது அருளம்பலத்தின் வேலி. அடுத்தது புத்தூரில் யாரோ மீனுக்குப் பேரம் பேசியது. பிறகு சீவரத்தினத்தின் குரல் வந்தது.

“நீர் இல்லாட்டி எனக்கு ஏலாது. கெதியாத் திரும்பி வாரும்.”

மறுபடியும் வந்தது. மறுபடியும். சந்திக்குச் சந்தி சொன்னதும் சந்தியில்லாத இடத்தில் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். வான்காரன் ஹோர்ன் அடிக்க எடுத்த கையை எடுத்தபடியே வைத்திருந்தான். சீவரத்தினம் மூட்டைகளின் மேல், மறைவதற்கு ஒரு இலைகூட இல்லாத இடத்தில், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். குணலட்சுமி குனிந்து, கடைசிச் சொல் வரும்வரை கேட்டார். கன்னத்தில் எண்ணெய் தெறித்திருந்தது, அதோடு கண்ணீரும் கலந்து இறங்கியது.

“இஞ்சாருங்கோ” என்றார், மேலே பார்த்து. “உதைக் கல்யாணம் முடிச்ச கிழமையே சொல்லியிருக்கலாம்.” பெட்டியை வாங்கிக்கொண்டு, “பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுப்போட்டு வந்திடுவன்” என்றார்.

“ஓம்” என்றார் சீவரத்தினம். அது குழாயால் வரவில்லை.

முப்பத்தொன்று கழித்து, கனடாவில் பனி கொட்டத் தொடங்குமுன் குணலட்சுமி வந்து சேர்ந்தார். மருமகன் நல்ல மனிதர். மாமாவுக்கென்று புத்தம் புதுப் பம் ஒன்று தேடி வாங்கி, பெட்டியோடு கொடுத்துவிட்டிருந்தார். எமில்ராஜ் அதைப் பூட்டத் திருகுசாவிகளோடு வந்து நின்றார். குணலட்சுமி அவருக்குத் தேத்தண்ணீரும் கனடாச் சொக்கிலேற்றும் கொடுத்து அனுப்பிவைத்தார். புதுப் பம் இன்றைக்கும் பிரிட்ஜுக்கு மேல் பெட்டிக்குள் இருக்கிறது. சீவரத்தினம் இப்போதும் வீட்டுக்குள் பிறேக்கைப் பற்றித்தான் கதைப்பார். பின்னேரங்களில் லொறி வாசலில் வந்து நிற்கும். பிறேக்கை மிதித்தபடி அவர் வாயை அசைப்பார். வேலிக்கு அங்கால் அருளம்பலம் ஏச்சை நிறுத்திவிட்டுப் பொறுத்துக்கொண்டிருப்பார். குணலட்சுமி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, குழாயடியில் குனிந்து கேட்டு, கன்னத்து எண்ணெயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “சரி, வந்து சாப்பிடுங்கோ” என்பார்.