நடு மாடல்

அர்பாப் சாலிம் எதைப் பற்றியாவது யோசிக்கத் தொடங்கிவிட்டால், அந்த யோசனை முடியும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். அரபுக் கரையில், ரூவியில் இருந்த அவருடைய காண்ட்ராக்ட் ஆபீசில், முதலாளியை அர்பாப் என்று கூப்பிடும் எல்லாருக்கும் இது தெரியும். போன வருஷம், எழுபத்தைந்தில், சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அவர் யோசித்தபோது சிமெண்டு லாரிகள் ஒன்பது நாள் கேட்டுக்கு வெளியே நின்றன. இந்தத் தடவை யோசனை கைத்துப்பாக்கியைப் பற்றி.

மேஜையில் விரித்திருந்த பச்சைத் துணியின்மேல் மூன்று துப்பாக்கிகள் கிடந்தன. ஒரே கம்பெனி, ஒரே மாடலின் மூன்று தலைமுறை. பழையது அவருடைய தகப்பனார் வாங்கியது. நடுவிலது இருபது வருஷத்துக்கு முன் அவரே வாங்கியது. புதியது போன மாதம் கப்பலில் வந்தது. இடுப்பில் ஒன்றைத்தான் கட்ட முடியும்.

எதிரே டைப்பிஸ்ட் ரகுநாதன் லீவு லெட்டரோடு நின்றான். அடுத்த புதன்கிழமை திருச்சியில் அவனுக்குக் கல்யாணம். இந்த வியாழன் விமானம் ஏற வேண்டும். பாஸ்போர்ட் அர்பாபின் இழுப்பறைக்குள் இருந்தது. லீவு கிடைக்காமல் தையில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் முகூர்த்தம் தள்ளிப்போயிருந்தது. பெண்ணின் தகப்பனார் கோபாலசாமி இந்தத் தடவை சுருக்கமாக எழுதியிருந்தார்: "மண்டபத்தையும் சமையல்காரரையும் இனி மாற்றுவதாக இல்லை. மாப்பிள்ளையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். என் அக்கா மகன் ஊரில்தான் இருக்கிறான்."

"ரகு, உட்கார்," என்றார் அர்பாப். அவருடைய இந்தி ரகுநாதனுடைய இந்தியைவிடச் சுத்தமானது. "டிரைவர் புதுசு என்கிறான். போர்மேன் பழசு என்கிறான். நீ சொல்."

சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் கையெழுத்து என்று ரகுநாதன் கணக்குப் போட்டான். துப்பாக்கியை அவன் தொட்டதே இல்லை. டைப்ரைட்டரைத் தொட்டிருக்கிறான், அதில் மூன்று தலைமுறையையும் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, விரலை வைத்து, கண்ணை மூடிப் பார்த்தான்.

"பழசு கனம் அர்பாப். கை வலிக்கும். ஆனா வச்ச இடத்தை விட்டு நகராது. புதுசு லேசு, விரல் படறதுக்கு முன்னாடியே அடிச்சிடும். தப்பு நிறைய விழும். நடுவிலதுதான் விரலோட பேசுது. பிடி உள்ளங்கையிலேயே உட்கார்ந்துக்குது. ரொம்ப அழகான சாமான்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த சோலைமுத்துவின் கெட்டில் அந்தரத்தில் நின்றது. அர்பாப் வலது கையை நெஞ்சில் வைத்தார். நடுத் துப்பாக்கியைக் குண்டு கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"உன்னுடையது."

"எனக்கெதுக்கு அர்பாப்? லீவு லெட்டர்..."

"வெளிநாட்டுக்காரன் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போலீஸ் பேப்பர் வேண்டும். பதினைந்து நாள் ஆகும். மாப்பிள்ளையை அரைப் பரிசோடு அனுப்பினான் சாலிம் என்று ஊர் பேசக் கூடாது. பேப்பர் வரட்டும், போ. கலாஸ், பேச்சு முடிந்தது."

அன்று சாயங்காலம் நடந்ததைக் கேட்டு, ரூமில் கூடத் தங்கியிருந்த கலீலுர் ரஹ்மான் தலையில் அடித்துக்கொண்டார். கீழக்கரைக்காரர், பக்கத்து முத்ரா கடைவீதியில் பன்னிரண்டு வருஷமாகத் துணிக்கடை வைத்திருப்பவர்.

"வேலியில போன ஓணானை இடுப்புல எடுத்து விட்டுக்கிட்டீங்களே தம்பி! ஒருத்தர் சாமானை அழகுன்னு வாய்விட்டுச் சொன்னா, அவர் அதைத் தந்தே ஆகணும். இங்க அதுதான் மரியாதை. நான் இத்தனை வருஷத்துல ஒருத்தர் வாட்ச்சைக்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல."

"திருப்பிக் கொடுத்துட்டா, பாய்?"

"கொடுங்க. அப்படியே வேலையையும் கொடுத்துட்டு வந்துருங்க."

"அப்ப என் கல்யாணம்?"

கலீலுர் ரஹ்மான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க ஆளுக யாராச்சும் ஒருத்தர், அது உங்க கையில இருக்கும்போது நல்லாருக்குன்னு சொல்லணும். சொல்லிட்டா நீங்க தந்துதான் ஆகணும். அர்பாபே குறை சொல்ல முடியாது."

செவ்வாய்க்கிழமை ரகுநாதன் துப்பாக்கியை டைப்ரைட்டர் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தான். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பிறந்ததிலிருந்தே இந்த மரியாதையோடு வளர்ந்தவர்கள். "இரும்பு," என்றார் போர்மேன். "கறுப்பு," என்றான் டிரைவர். அர்பாபின் மைத்துனர் வாயைத் திறந்து, யோசித்து, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அர்பாபின் சித்தப்பா ஹமது மட்டும் மணி கேட்கிற சாக்கில் நான்கு முறை வந்தார். அவர் கையிலேயே வாட்ச் இருந்தது. நான்கு முறையும் துப்பாக்கியை வெகு நேரம் பார்த்தார், மணியைக் கேட்டுக்கொண்டார், போய்விட்டார்.

புதன்கிழமை ஆபீஸ் ஒரு மணிக்கு மூடும். பன்னிரண்டே முக்காலுக்கு ஹமது ஐந்தாம் முறையாக மணி கேட்க வந்தார். புகழ வைக்க முடியாதவரைச் சண்டைக்காவது இழுக்கலாம் என்று ரகுநாதனுக்குத் தோன்றியது. துப்பாக்கியை எடுத்து முகத்தைச் சுளித்தான்.

"ஏதோ ஆசையில சொல்லிட்டேன் சாச்சா. ரெண்டு நாளா பார்க்கிறேன், இது ஓட்டைச் சாமான். பிடி சரியில்ல, விரலுக்கு அடங்கல. புதுசு வந்தப்புறம் இதை எவன் வச்சிருப்பான்?"

ஹமதுவின் தாடி நடுங்கியது. "ஓட்டையா? டைப் அடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? இந்தப் பிடி மாதிரி ஒரு பிடி இந்தக் கரையிலேயே கிடையாது! இதைவிட அழகான..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்லாகிவிட்டது. போர்மேன் கேட்டார், டிரைவர் கேட்டான், சோலைமுத்துவும் கேட்டான்.

ரகுநாதன் எழுந்து நின்று துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினான். "தஃபத்தல் சாச்சா, எடுத்துக்கோங்க. உங்களோடது."

ஹமது முறைப்படி இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை நீட்டுவதற்குள் அது அவர் இடுப்பில் இருந்தது.

அர்பாப் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சித்தப்பாவிடம் போனால் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. போலீஸ் பேப்பர் மாஃபி, தேவையில்லை." நடுவிலதைப் பற்றிய யோசனை அதோடு முடிந்தது. லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டு, இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். ரகுநாதன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டினான்.

கதவுப் பிடியில் கை வைத்தபோது அர்பாப் கூப்பிட்டார். பச்சைத் துணியில் மிச்சம் இரண்டு இருந்தன.

"ரகு, ஒரு நிமிஷம். இந்த இரண்டில் எது?"

"ரெண்டுமே சுமார்தான் அர்பாப்," என்று சொல்லிவிட்டு ரகுநாதன் வெளியே வந்தான்.