உறை போட்ட இருக்கைகள்

படத்தை அவளுக்கு முதலில் காட்டியது அவள் வீட்டுக்காரர்தான். சாப்பிட உட்கார்ந்து தட்டில் கை வைத்த நேரம் பார்த்து ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினார். மந்திரியின் மகளும் தோழிகளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விமானத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல். மகள் உட்கார்ந்திருந்த இருக்கைக்குச் சாம்பல் நிறக் கித்தான் உறை. அவள் தோளுக்குப் பக்கத்தில் உறையின் குறுக்கே ஓடிய சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் ‘சோதனைப் பறப்பு’ என்று இருந்தது. ஊரே அந்தப் பட்டையைத்தான் வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அரசு விமானம் பழுது பார்த்த பிறகு சோதனைக்காகப் பறக்கிறது என்று அந்தப் பட்டைக்கு அர்த்தம். பறந்ததோ கடற்கரைக்கு, மந்திரி வீட்டுப் பிள்ளைகளோடு. எங்கள் வரிப்பணத்தில் உங்களுக்குக் கடல்காற்றா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்த உறை நீ போட்டதுதான?” என்றார் வீட்டுக்காரர்.

அவள்தான் போட்டாள். அந்த விமானத்துக்குள் கூட்டுவது, துடைப்பது, குடிக்கச் சாப்பிட எடுத்து வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. விமானக் கொட்டகையில் அவளுக்குக் கேபின் அக்கா என்று பெயர். அவளைவிட எட்டு வயது பெரியவரான மேலாளர்கூடக் காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார், ஆகிவிட்டால் ஏம்மா என்பார். சோதனைப் பறப்பில் பயணிகள் கிடையாது, மெக்கானிக்குகள் மட்டும் ஏறுவார்கள். அவர்கள் உடுப்பில் இருக்கிற எண்ணெயும் கரியும் வெண்ணெய் நிறத் தோல் இருக்கைகளில் ஒட்டினால் எந்தச் சோப்புக்கும் போகாது. அதற்குத்தான் உறை. சோதனை என்று சொன்னால் அவள் கை தானாக உறை அலமாரிக்குப் போகும். அன்றைக்குக் காலையில் மேலாளர் ஃபோனில் சோதனை என்றார், போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, ஆறு பேருக்குப் பழச்சாறும் ஐஸும் வை என்றார். வைத்தாள்.

எந்த மெக்கானிக் ஐஸ் போட்டுப் பழச்சாறு குடிக்கிறான் என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஆனால் உறைகளைக் கழற்றவில்லை. இன்னொன்றும் செய்தாள், அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இறங்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, எழுத்து முறுக்கிக்கொண்டிருந்த பட்டைகளையெல்லாம் நேராக இழுத்து விட்டாள். சுத்தமாக இருக்கட்டுமே என்று செய்ததா, தெரியட்டுமே என்று செய்ததா? அவளுக்கே விளங்கவில்லை.

வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா? முதுகு ஒடிந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிற மனிதர், உலகத்தில் அத்தனை பேர் மேலும் அவருக்குச் சந்தேகம்தான். பால் தண்ணியாக இருந்தால் பால்காரனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பார். “வேணும்னே பண்ணலல்ல?” என்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்று மூன்று தடவையும் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, வேலை இருக்கும்வரை அரசு கொடுத்த வீடு. வேலை போனால் அந்த வாரமே சாவியைக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் கொட்டகையில் யார் பேச்சும் பேச்சாக இல்லை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வரும்போது வாயை மூடிக்கொண்டார்கள். திருகாணி என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைமை மெக்கானிக், தினமும் அவளோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவர், டம்ளரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவளே போய்க் கேட்டாள். பறந்த அன்றைக்கு விமானத்தில் பழுதே இல்லை என்று, மேலிடம் வைத்த விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்படியென்றால் சோதனையும் இல்லை. சோதனை என்று பேச்சு வந்ததே அவள் போட்ட உறையால்தான் என்று ஆகிவிடும். இரண்டு வருடமாகக் கெஞ்சியும் கிடைக்காத பகல் வேலை அவருக்கு எழுதிக் கொடுத்த கையோடு கிடைத்திருந்தது. இவர்கூடவா என்று இருந்தது அவளுக்கு.

மத்தியானம் மேலாளர் கூப்பிட்டார். அக்கா என்று கூப்பிட்டபோதே அவளுக்குப் பொறி தட்டியது. டீ வரவழைத்தார், வீட்டுக்காரரின் முதுகை விசாரித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். மந்திரி துறைமுகத்தைப் பார்வையிடப் போவதாக இருந்ததாம், கடைசி நேரத்தில் வர முடியவில்லையாம், வீட்டு ஆட்கள் டிக்கெட் பணம் கட்டிவிட்டுத்தான் ஏறினார்களாம். எல்லாம் ஒழுங்கு. அந்த உறை ஒன்றுதான் இடிக்கிறது.

“தவறுதலா உறை போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். யாருக்கும் நஷ்டமில்ல.”

யோசிக்க ஒரு நாள் கேட்டுக்கொண்டு வந்தாள். எழுதிக் கொடுத்துத் தலை தப்பினால் போதும் என்றுதான் வீட்டுக்காரரும் முதலில் சொன்னார். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அவர் புத்தி வேலை செய்துவிட்டது. சமையல்கட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“தப்பு பண்ணினேன்னு நீயே எழுதிக் குடுத்தா, அதையே காட்டி உன்னை வெளிய அனுப்ப எவ்வளவு நேரமாகும்?”

இத்தனை வருடத்தில் அந்த மனிதரின் சந்தேகம் முதன்முறையாக அவளுக்குப் பிரயோஜனப்பட்டது. பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு கோபம் கிளம்பியது. பத்தொன்பது வருடத்தில் ஒரு இருக்கையில் ஒரு கறை விட்டவளில்லை. தவறுதலாக உறை போட்டாளாம். அந்தப் பொய்தான் மற்ற எல்லாவற்றையும்விட அவளைச் சுட்டது.

அடுத்த நாள் மேலாளர் அறைக்குப் போய், எழுதி வந்த தாளைக் கொடுத்தாள். சோதனைப் பறப்பு என்று எனக்குச் சொல்லப்பட்டது, சொன்னவர் மேலாளர், சோதனைக்கு உறை போடுவது என் வேலை, போட்டேன், பிறகு ஆறு பேருக்குப் பழச்சாறு வைக்கச் சொன்னவரும் அவர்தான். கீழே கையெழுத்து. மேலாளர் இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், அவரோ சிரித்தார். விசாரணை ஃபைல் எதிரே திறந்தேதான் கிடந்தது. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சரிம்மா, நான் பாத்துக்கறேன். நீ போ.”

அவள் போகவில்லை. “அத ஃபைல்ல வச்சு நம்பர் போடுங்க சார். பாத்துட்டுப் போறேன்.”

“ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?”

“இல்ல சார்.”

சொல்லிவிட்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மேலாளர் ஃபோனை எடுத்தார், எண்ணை அழுத்தாமலே வைத்தார். வேறு ஏதோ தாளைப் புரட்டினார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள், அதில் ஒருவர் திருகாணி.

கொட்டகைக்கு வெளியே விமானத்தின் இன்ஜின் கிளம்பியது. இன்றைக்கு யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, உள்ளே துடைக்கவும் கூப்பிடவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜையில் திறந்து கிடந்த ஃபைலின் தாள்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. மேலாளர் அவற்றை அழுத்திப் பிடிக்கவில்லை. அவர் கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.