கழுவித் துடைத்த அறைகள்

பள்ளியைப் பார்வையிடக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறான் என்றதுமே, மூடுவதற்குத்தானோ என்று பயந்தேன். ஏரிக்கரையிலிருக்கும் எங்கள் நகரத்தில் அந்த வருடம் வரிசையாகப் பள்ளிகளை மூடிக்கொண்டிருந்தார்கள், அதுவும் எங்கள் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களாகப் பார்த்து. என் மகள் கியாரா வாய் திறந்து பேச ஆரம்பித்ததே ஹால்ஸ்வொர்த் பள்ளியில், பேச்சு வராத ஒன்பது பிள்ளைகள் மட்டும் இருக்கும் தனி வகுப்பில்தான். மூடிவிட்டால் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் பள்ளிக்கு அவள் போக வேண்டும். போன கோடையில் துப்பாக்கி வெடித்த இடம் அது.

"ஒரு குறை சொல்ல முடியாதபடி வெச்சிடுவோம், மிஸ் எர்லீன்" என்றேன் பக்கத்து வீட்டுக்காரியிடம்.

"சர்ச்சுக்குப் புதுப் பாஸ்டர் வர்ற மாதிரி பண்ணிடலாம், விடுடி" என்றாள் அவள்.

விருந்தாளி வந்தால் வீட்டைத் தேய்த்துக் கழுவுவது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. சனிக்கிழமை பத்துப் பேர் பள்ளியில் கூடினோம். தாய்மார் அறையிலிருந்த தையல் மெஷின்கள், இலவச உடுப்பு அறையின் மூட்டைகள், வாசிப்பு அறைப் பெட்டிகள், பேச்சுப் பயிற்சி அறையின் மெத்தைகள் எல்லாம் நிலவறைக்கு இறங்கின. தரை பளபளத்தது. எனக்கு அவ்வளவு பெருமை!

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வருமுன்பே வந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எர்லீன் கொடுத்த பீச் பழ இனிப்பை இரண்டு தட்டு தின்றான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கதவைத் திறந்தான், போட்டோ எடுத்தான், போய்விட்டான்.

"நல்ல மனுஷனா இருக்கானே" என்றாள் எர்லீன்.

"கேள்வியே கேக்காதவன் என்ன நல்லவன்? எனக்கென்னவோ தலைமை ஆசிரியை மேலதான் சந்தேகம். அவ மூஞ்சியே சரியில்ல. பள்ளிய மூடச் சொல்லி முன்னாடியே பேசி முடிச்சிருப்பா" என்றேன்.

மூன்று வாரம் அந்தத் தலைமை ஆசிரியையைக் கரித்துக் கொட்டினேன். பிறகு பள்ளியை மூடுவது பற்றிய விசாரணைக் கூட்டம் வந்தது. மேடைத் திரையில் எங்கள் அறைகள் ஒவ்வொன்றாக ஓடின. பளபளக்கும் தரை, வெறும் சுவர். ஒவ்வொன்றின் கீழும் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருந்தது. மொத்தம் நான்கு அறை. கால்வாசிப் பள்ளி சும்மா கிடக்கிறதாம், அதனால் மூடலாமாம்.

திரும்பிப் பார்த்தேன். தலைமை ஆசிரியை அழுதுகொண்டிருந்தாள்.

மைக்கைப் பிடித்தேன். ஒருவருக்குப் பேச இரண்டு நிமிடம்தான்.

"ஐயா, அந்த ரூமெல்லாம் தினமும் புள்ளைங்க இருக்கிற ரூமு. நீங்க வர்றீங்கன்னு நான்தான் காலி பண்ணேன். என் கையாலதான் பண்ணேன். அந்த மெத்தையில உக்காந்துதான் என் பொண்ணு முதமுதல்ல 'அம்மா'ன்னு சொன்னா. இப்பவே வாங்க, நிலவறையத் திறந்து காட்டுறேன்!"

மணி அடித்தது. மைக் அணைந்தது.

"நன்றி, மேடம்" என்றார் மேடை நடுவில் இருந்த அதிகாரி. பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் திரும்பி, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"எழுதிக்கோங்க. பார்வையிட்ட அன்னைக்கு அறைகள் காலியாதான் இருந்துச்சுன்னு பெற்றோர் தரப்பே ஒத்துக்கிட்டாங்க."