காப்புக் காலத்தில் துரையின் வலக்கண்

அங்கம்மா வீட்டுப் பூனையின் கண்ணை முதலில் பார்த்தது நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் தான்தான் முதலில் பார்த்ததாகச் சொல்லுவார்கள்.

அன்றைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை. ஸ்பிரிங்வெளியில் அபூர்வமாக நல்ல வெயில். அங்கம்மா வாசலில் காயப்போட்டிருந்த மிளகாயைப் பார்க்கிற சாக்கில், அவள் வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை. படியில் பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பெயர் துரை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் லயத்தைச் சுற்றிப் பார்க்கும். மற்ற நேரமெல்லாம் தூக்கம். தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கும் இதே வேலைதான் என்பதால், அங்கம்மா விளையாட்டாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

வெயிலில் பூனைக்குக் கண்மணி ஒடுங்கிக் கோடாகிவிடுமல்லவா? துரையின் இடக்கண் அப்படித்தான் இருந்தது, ஓர் உமியை நிமிர்த்தி வைத்த மாதிரி. வலக்கண்ணிலோ மஞ்சளே காணோம். முழுக்கக் கறுப்பு. கோட்டுப் பொத்தானைப் பிடுங்கித் தைத்துவிட்டாற்போல.

"அங்கம்மா, ஒம் பூனைக்கு ஒரு கண்ணு பகல்ல இருக்கு, ஒரு கண்ணு ராத்திரியில இருக்கு. வந்து பாரு!"

கையெல்லாம் ரொட்டி மாவோடு ஓடி வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிறான். போன் எடுத்தால் முதலில் "துரை எப்பிடிம்மா?" என்றுதான் கேட்பான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவளும் வீட்டில் பேசுவது பூனையோடுதான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதால் எனக்குத் தெரியும்.

"ஐயோ, எந்தங்கம்! ஒனக்கு என்னடா ஆச்சு?" என்று அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். துரையின் முகமெல்லாம் மாவாயிற்று. கண் மாறவில்லை.

வேறு நாளாக இருந்திருந்தால் விஷயம் எங்கள் இரண்டு வீட்டுக் காம்பராவோடு முடிந்திருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம் அது. தேர் முடியும்வரை தோட்டத்தில் மீன் கிடையாது, முட்டை கிடையாது, கருவாட்டைப் பற்றிய பேச்சும் கிடையாது. கோயில் கமிட்டித் தலைவர் நல்லையா மாலையானால் லயத்தின் நீளத்துக்கு நடப்பார். ஒவ்வோர் அடுப்படிக்கும் நேரே நின்று மூச்சை இழுப்பார். ஒருநாள் என் வீட்டில் பெருங்காயம் பொரிந்ததற்கே உள்ளே வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். அடுத்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பது எவ்வளவு கெட்ட பழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையும் வந்தார். அங்கம்மாவின் மடியில் பூனை, சுற்றிலும் கூட்டம். குனிந்து பார்த்தார். துரை குதித்து இறங்கி அவருடைய காலில் உரசியது. "சூ, போ!" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

"இது கவுச்சி தின்னிருக்கு அங்கம்மா."

"ஐயோ, நான் பருப்பும் சோறுந்தானுங்க வைக்கிறேன், தலைவரே. அதயும் மோந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருது."

"பட்டினி கெடக்கிற பூனைக்கு இப்பிடியா வயிறு இருக்கும்?"

சொல்லப்போனால் அது நியாயமான கேள்விதான். காப்புக் கட்டிய பிறகு நாங்களெல்லாம் இளைத்தோம். துரை மட்டும் உருண்டிருந்தது.

"காப்புக் கட்டின மண்ணுல கவுச்சி தின்னா ஆத்தா சும்மா விடமாட்டா" என்று நல்லையா குரலை உயர்த்தினார். "வாய் தின்னத கண்ணுல காட்டிருவா. மனுசனா இருந்தா என்ன, பூனையா இருந்தா என்ன? நாளைக்குப் பூச முடிஞ்சதும் கமிட்டி கூடும். இதச் சாக்குல கட்டி பெரகல சந்தியில கொண்டு போய் விட்டுட்டுத்தான் தேர் இழுக்கணும்."

"பெரகலயா? அங்க பஸ்சும் லொறியுமா ஓடுமே! ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு இது எப்பிடிங்க ரோட்டத் தாண்டும்?"

நல்லையா அடுத்த அடுப்படிக்கு மூச்சை இழுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை அங்கம்மா வேலைக்குப் போகவில்லை. துரையைக் கொழுந்துக் கூடையில் வைத்து, மேலே சாக்கைக் கட்டி, பதுளை பஸ்ஸில் ஏறினாள். துணைக்கு ஒருவர் வேண்டாமா? நானும் ஏறினேன். வழி நெடுகத் துரை கத்திய கத்தலில், குழந்தையைக் கூடையில் கொண்டுபோகிறோமா என்று பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மிருக வைத்தியர் இளம் வயதுச் சிங்களப் பெண். துரையின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு முகத்தருகே குனிந்து மோந்தாள்.

"உங்க பக்கம் அத்தன மரம் இருக்கா அம்மா? பெரிய வெள்ளப் பூ, தலகீழா தொங்கும்?"

"ஊமத்தை மாதிரியா? இருக்குங்க" என்றேன் நான்.

"அந்தச் சாறு கண்ணுல பட்டா இப்படிப் பெரிசாகும். மனுசங்களுக்கும் ஆகும். பயம் வேணாம், பூனைக்கு ரெண்டு மூணு நாளையில சரியாகும். மொகத்த நல்லாக் கழுவுங்க. அது நஞ்சு, அந்தப் பக்கம் விடவேணாம்." கூடையை மூடும்போது சிரித்தாள். "கருவாடு மட்டும் கொஞ்சம் கொறைங்க. வாய் நாறுது."

அங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் அங்கம்மாவைப் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்தில் அந்த மரம் இருப்பது ஒரே இடத்தில்தான், உடைந்த தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கே போனேன். மரத்தடியில் கரி பிடித்த மூன்று கல். சுற்றிலும் கருவாட்டுத் தலைகள். பக்கத்தில் கசக்கி எறிந்த இலைகள். ஒரு குச்சியால் தூக்கி மோந்து பார்த்தேன். யாரோ தின்றுவிட்டு, நாற்றம் போக அந்த இலையில் கையைத் துடைத்திருக்கிறார்கள். அதே கையால் துரையின் முகத்தையும் தடவியிருக்கிறார்கள். பூனை என்னதான் துரையாக இருந்தாலும் கருவாட்டைச் சுட்டுத் தின்னாது.

"நேரா கமிட்டியில சொல்லிருவோம், மதினி" என்றாள் அங்கம்மா.

"என்னன்னு சொல்லுவ? எலைச்சாறுன்னு சொன்னா எங்க பட்டுச்சுன்னு கேப்பாங்க. அங்க போய்ப் பாத்தா கருவாட்டுத் தல. கண்ணுக்குக் காரணம் கெடைக்கும், பூனை கவுச்சி தின்னதும் உறுதியாயிரும். சாக்கு நிச்சயம்."

அவள் துரையின் முகத்தைக் கழுவிவிட்டு அழுதாள்.

மாலையில் மேகம் இறங்கிக் கோயில் கோபுரமே தெரியவில்லை. அந்த இருட்டுக்குள் நல்லையா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்னா தலைவரே, வெயில் அதிகமோ?" என்றேன்.

"கண்ணுல தூசி" என்றவர், சட்டென்று வேறு பக்கம் திரும்பி, "சாக்கு கொண்டாந்தாச்சா?" என்று கேட்டார்.

கொண்டுவந்திருந்தார்கள். யூரியாச் சாக்கு. அங்கம்மா கூடையைக் கட்டிப்பிடித்தபடி ஓரமாக நின்றாள். முதலில் பூசை நடந்தது. தீபாராதனை முடிந்து பூசாரி கற்பூரத் தட்டோடு வந்தார். வழக்கம்போல முதல் மரியாதை தலைவருக்கு. நல்லையா தீயில் கையைக் காட்டி, கண்ணாடிமேல் ஒற்றிக்கொள்ளப் போனார்.

பூசாரி தட்டைப் பின்னுக்கு இழுத்தார். "கண்ணாடியக் கழட்டுங்க, தலைவரே."

"பரவால்ல சாமி. இப்பிடியே…"

"ஆரத்தி ஒங்களுக்கா, கண்ணாடிக்கா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லையா கழற்றினார். நான் முன்னால் நின்றது பக்தியால்தான். ஆனாலும் நன்றாகத் தெரிந்தது. கற்பூர வெளிச்சத்தில் இடக்கண் சுருங்கியது. வலக்கண் அசையவில்லை. முழுக்கக் கறுப்பு, கோட்டுப் பொத்தான் மாதிரி.

"ஆத்தா!" என்றது ஒரு குரல். வாய் தின்றதைக் கண் காட்டும் என்று ஊருக்குச் சொன்னவரே அவர்தானே. இந்த நேரம் பார்த்துத் துரை கூடையை விட்டுக் குதித்து, நேராக அவரிடம் போய், பழகின ஆள் மாதிரி அவர் கையை மோந்து மோந்து நக்கியது.

தலைவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சன்னதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொன்னதை அவர் மெய்யாகவே நம்பியிருக்கிறார், பாவம். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். பூனையைத் தூக்க அங்கம்மா போனாள். அங்கம்மாவுக்குத் துணையாக நான் போனேன்.

"ஒரே மங்கலா இருக்கு, அங்கம்மா. நாக்கு கேக்கல, நேத்தும் தின்னேன், இன்னைக்கும் தின்னுட்டேன். தனியாத் தின்ன மனசு வரல, நேத்து இதுக்கும் குடுத்தேன். ஆத்தா எங்கண்ண எடுத்துக்கிட்டா."

"எடுக்கலீங்க. இது எதனாலன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க? சொல்லு தாயி!"

அங்கம்மா துரையை இடுப்பில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டாள். "சொல்றேனுங்க. மொதல்ல அந்தச் சாக்கப் பத்திப் பேசுவோம்."

இவளுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருப்பது பக்கத்துக் காம்பராவில் இருக்கிற எனக்கே தெரியாது.

நல்லையா திரும்பிப் போய் ஊருக்கு முன்னால் நின்று கும்பிட்டார். "தப்பு எம்மேலதான். நான் தீச்சட்டி எடுக்கிறேன். வாயில்லாத சீவனுக்குக் காப்பு கெடையாது. துரை அங்கம்மா வீட்டுலதான் இருக்கும். அத யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

"அப்ப எங்க வீட்டுச் சட்டிய இனிமே மோந்து பாக்க மாட்டீங்களே?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். பூசாரியே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்குமுன் நல்லையா எங்களிடம் ஓடி வந்தார். அங்கம்மா பூவையும் இலையையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவசரமாக இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இது எப்ப சரியாவும்?"

"பூனைக்கு ரெண்டு மூணு நாளுன்னு சொன்னாங்க" என்றாள் அங்கம்மா. "தலைவருக்கு எவ்வளவு நாளுன்னு நான் கேக்கலீங்களே."