வரிசையில் ஒரு காலியிடம்

மணல்மேடுகள் நகரும் வேகத்தைக் கணக்கெடுப்பது அளவைக்காரியின் வேலை. அலுவலகத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எண் உண்டு. குடியிருப்புக்குக் காற்று வரும் பக்கத்தில் மலைபோலக் கிடந்ததற்கு மட்டும் ‘பெரியப்பா’ என்று பெயர். உடம்பு பெரிசு, நடை ஆமை நடை. அந்தத் தைரியத்தில்தான் அக்காவிடம் வாய்விட்டாள்.

குடியிருப்பின் கடைசி வீடு அக்காவுடையது. அத்தானுக்குச் சக்கர நாற்காலி. மணல் வந்து மூடும் என்று ஊருக்குள் மாற்று வீடு தருவதாக நிர்வாகம் சொன்னபோது அக்கா இவளைத்தான் கேட்டாள்.

“பேசாம இங்கயே இருந்துக்கோக்கா. பெரியப்பா வந்து சேர்றதுக்குள்ள உன் பேரனுக்குப் பேரன் பொறந்துருவான்.”

அக்கா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அந்த மாற்று வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

சின்ன மேடுகளுக்கு ஓட்டம் அதிகம். அப்படி ஒன்று ஓடிவந்து பெரியப்பாவின் முதுகில் மோதியது. மோதிய சின்னதின் எண்ணை அழித்துவிடுவது அலுவலக வழக்கம். இவளும் அழித்தாள், பெரியது சின்னதை விழுங்கியாயிற்று, விஷயம் முடிந்தது. உண்மையில் அது அங்கே முடிவதில்லை. முதுகில் மணலை வாங்கிக்கொண்ட பெரியது, முன்பக்கம் ஒரு குட்டியைக் கழற்றி விடும். அதனால்தான் எதுவும் அளவுமீறிக் கொழுப்பதில்லை. மேடுகள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசைகட்டி நிற்கின்றன. இதெல்லாம் இவளுக்குத் தலைகீழாகத் தெரியும். இருந்தும் எண் இல்லாத குட்டியை யாரும் தேடவில்லை. படித்த மூளை போன இடம் தெரியவில்லை.

குட்டி இப்போது அக்காவின் பின்வாசலில் நின்றது. அத்தானின் நாற்காலி இறங்கும் சரிவு அந்தப் பக்கம்தான். அந்தச் சரிவு பாதிக்குமேல் புதைந்துவிட்டது. அக்கா மண்வெட்டியோடு வியர்த்துப்போய் நின்றாள்.

“அள்ள அள்ள வருதுடி.”

“தப்பு என்னோடதுக்கா. இது வரும்னு நான் பாத்திருக்கணும்.”

அக்கா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவளுக்கு மூச்சாவது விட வந்திருக்கும்.

அக்கா மண்வெட்டியோடே இவளை உள்ளே கூட்டிப்போய்க் கூடத்துச் சுவரைக் காட்டினாள். இவள் பரிசாகக் கொடுத்த, மேலிருந்து எடுத்த வான்படம் அங்கே மாட்டியிருந்தது. கோலத்துப் புள்ளிபோல வரிசை தப்பாத மேடுகள்.

“பாத்துப் பாத்து எடுத்ததுன்னு சொன்னியே. இதுல நம்ம வீடு எங்க இருக்கு?”

இவள் விரல் படத்தில் நகர்ந்தது. பெரியப்பாவைத் தாண்டியதும் வரிசையில் ஒரே ஒரு இடம் மட்டும் காலி. இன்னொரு மேடு வந்து உட்கார்ந்தால் படம் நிறைந்துவிடும். அந்த இடத்தின் நடுவில் கடுகளவு தெரிந்தது அக்காவின் கூரை. இத்தனை நாள் அந்தக் காலியிடத்தைப் படத்தின் ஒரு குறையாகத்தான் இவள் பார்த்திருக்கிறாள்.

“இங்க” என்றாள்.

நாற்காலியில் இருந்த அத்தான் எட்டிப் பார்த்தார். “அப்போ இது மேட்டோட எடமா?”

இவள் மண்வெட்டியை வாங்கக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை.